மரத்தைப் பார்த்தால் மூளை ஆறுமா?

அக்காவின் மகளுக்கு யூனில் சோதனை. ஜிம்னாசியம் என்கிற உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருடம், கணக்கென்றால்தான் பயம். மே நடுவில் ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் அறைக்குள் எட்டிப் பார்த்தால், மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் வகையீட்டுக் கணக்கு. மற்றதில் காடு. நீரோடை ஓடுகிறது, குருவி கத்துகிறது, கீழே காணொளியின் நீளம் எட்டு மணித்தியாலம் என்று காட்டுகிறது.

"இது என்ன கூத்து பிள்ளை?"

"ஃபோக்கஸுக்கு சித்தி. இயற்கையைப் பாத்துக்கொண்டிருந்தா மூளை களைக்காதாம். ஆராய்ச்சியே இருக்கு."

யன்னல் சீலையை இறுக்க இழுத்து மூடி வைத்திருந்தாள். அதற்கு அந்தப் பக்கம் அக்காவின் அப்பிள் மரம் கொப்பு தெரியாமல் பூத்து நிற்கிறது. வெயில் திரையில் அடிக்குதாம், அதுதான் சீலை.

சிரித்துவிட்டு வந்தாலும் விஷயம் மண்டைக்குள் நின்றுகொண்டது. நான் வேலை செய்வது டென்மார்க்கில், ஹேர்னிங்குக்குப் பக்கத்தில் ஒரு துணி மொத்த வியாபாரக் கொம்பனியின் கணக்குப் பகுதியில். விடிந்தால் பொழுதுபட்டால் எக்செல். பின்னேரம் இரண்டு மணி தாண்டினால் ஒரே வரியை மூன்று தரம் வாசிக்கிற வியாதி எனக்கும் உண்டு. ஆகவே அவள் சொன்ன ஆராய்ச்சியைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் தொடங்கிய கதை, சுற்றிச் சுற்றிக் கடைசியில் நான் இருக்கிற இந்தச் சின்ன நாட்டிலேயே கொண்டுவந்து விட்டது.

வேர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்று ஒரு உளவியலாளர் தம்பதி. 1989இல் வந்த அவர்களுடைய புத்தகத்தின் அடிப்படை இதுதான்: கவனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாங்கள் பிடித்து இழுத்து ஒரு இடத்தில் கட்டி வைக்கிற கவனம். மற்றது, தன்பாட்டில் போய் ஒட்டிக்கொள்கிற கவனம். இந்தப் பிரிப்பை வில்லியம் ஜேம்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே செய்துவிட்டார். கப்லான்கள் சேர்த்தது களைப்பு என்ற விஷயத்தை. இழுத்துக் கட்டிய கவனம் களைக்கும். கணக்கைப் பார்ப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. பக்கத்து மேசைக் கதை, போனின் மினுக்கம், வீட்டில் மீன் எடுத்து வெளியே வைத்தேனா என்ற யோசனை, எல்லாவற்றையும் நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். அந்தத் தள்ளுகிற வேலைதான் ஆளை முடிக்கிறது. இரண்டாவது வகைக் கவனம் ஓடும்போது முதலாவதற்குக் கொஞ்சம் லீவு கிடைக்கும் என்றார்கள்.

தானாக ஒட்டிக்கொள்கிற கவனம் எல்லாம் ஆறுதல் தந்துவிடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பந்தாட்டம், சண்டைப் படம் எல்லாம் எங்களைப் பிடரியில் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், உள்ளே வேறு யோசனைக்கு இடம் விடாது. முகில், இலையசைவு, தண்ணீரில் விழுகிற வெளிச்சம் மெல்லத்தான் பிடிக்கும். அவர்கள் கணக்கில் இந்த மெல்லிய ஈர்ப்புத்தான் மருந்து.

அழகான கோட்பாடு. ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. யாராவது அளந்து பார்க்கவேண்டும்.

2008இல் மார்க் பெர்மன், ஜோன் ஜோனிடஸ், ஸ்டீபன் கப்லான் மூவரும் அளந்தார்கள். அளந்த விதம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது. யாரையாவது இலக்கங்களை ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கள்: 7, 2, 9, 4. நீங்கள் அதைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லவேண்டும்: 4, 9, 2, 7. நாலு இலக்கம் சுகம். ஐந்தில் கண்ணை மூடுவீர்கள். ஏழு வரும்போது முதல் இலக்கம் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொண்டே கடைசி இலக்கத்தைத் தேடவேண்டும், அங்கேதான் களைத்த மூளையும் களைக்காத மூளையும் பிரிகின்றன. 38 மாணவர்களுக்கு இந்தச் சோதனையை வைத்து, இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்துக் களைக்கப்பண்ணி, பிறகு நடக்க விட்டார்கள். ஒரு தரம் ஆன் ஆர்பர் நகரத்து மரத்தோட்டத்தில், ஒரு கிழமை கழித்து அதே ஆட்களை வாகனம் இரைகிற நகரத் தெருவில். சிலருக்கு முதலில் தெரு, பிறகு தோட்டம். இரண்டும் ஏறத்தாழ 50 நிமிட நடை. வந்த பிறகு மறுபடி இலக்கங்கள். மரத்தோட்டத்துக்குப் பிறகு சராசரி மதிப்பெண் ஒன்றரை கூடியது. தெரு நடைக்குப் பிறகு அரைதான்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. சிலர் கோடையில் நடந்தார்கள், சிலர் கொடும் யனவரிக் குளிரில். குளிரில் நடந்தவர்களுக்கு நடை பிடிக்கவில்லை. ஆனாலும் மரத்தோட்டத்தால் கிடைத்த நன்மை குறையவில்லை. சந்தோஷமாக இருந்ததால்தான் மூளை தெளிந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்று அர்த்தம். நவம்பர் தொடக்கம் மார்ச் வரை சாம்பல் நிறத்தில் வாழ்கிற டென்மார்க்காரருக்கு இது பெரிய ஆறுதல்.

அதே கட்டுரையில் இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. நடக்கவே இல்லை, படம் மட்டும். நோவா ஸ்கோஷியாவின் கடலும் காடும் ஒரு தரம், டிட்ரொய்ட், சிக்காகோ போன்ற நகரத்துத் தெருக்கள் இன்னொரு தரம், பத்து நிமிடமளவில் பார்க்க வைத்தார்கள். இயற்கைப் படம் பார்த்த பிறகு, வேண்டாததைத் தள்ளி வைக்கிற திறனில் முன்னேற்றம் தெரிந்தது. எங்கள் பிள்ளையின் எட்டு மணித்தியாலக் காணொளிக்கு இதுதான் தகப்பன்.

ஆனால் அந்தப் பரிசோதனையில் இருந்தவர்கள் 12 பேர். பன்னிரண்டு! எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அதைவிடக் கூட ஆட்கள் வருவார்கள்.

பிறகு நிறையப் பேர் இதே மாதிரிச் செய்து பார்த்தார்கள். 2016இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படியான 31 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மூன்று வகைச் சோதனைகளில் இயற்கைக்கு நன்மை தெரிந்தது. இலக்கத்தை நேராகச் சொல்வது, திருப்பிச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோடிட்டுத் தொடுப்பது. மற்ற அளவீடுகளில் தெளிவாக ஒன்றும் வரவில்லை. ஆக, இருக்கிறது, ஆனால் இணையத்தில் கூவி விற்கிற அளவுக்கு இல்லை. நான் இதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்குப் பளிச்சென்று பட்டது வேறொரு விஷயம். இந்த ஆய்வுகளில் ஆட்கள் மரத்தை எப்போது பார்த்தார்கள்? வேலைக்கு இடையில். வேலையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள், பார்த்து முடிந்த பிறகு மறுபடி வேலை. மெல்பேர்னில் 2015இல் 150 மாணவர்களை வைத்துச் செய்த ஒன்றில் அந்த இடைவெளி 40 வினாடிதான். அலுப்பான ஒரு கணினி வேலையின் நடுவில், பாதிப்பேருக்குப் பூத்த புல் படர்ந்த கட்டடக் கூரையின் படம், பாதிப்பேருக்கு வெறும் கொங்கிறீட் கூரை. பச்சைக் கூரை பார்த்தவர்கள் பிறகு குறைவாகப் பிழை விட்டார்கள். 40 வினாடி போதும் என்பதைத்தான் எல்லோரும் தலைப்பாக்கினார்கள். அந்த 40 வினாடியும் அவர்கள் வேறு ஒன்றும் செய்யவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகம் சார்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. களைத்த ஆட்களுக்கு இடைவேளை கொடுத்தார்கள். சிலரை மரம் உள்ள இடத்தில் இருக்க விட்டார்கள், சிலரை வெறும் கட்டடத்துக்கு நடுவில். இரண்டிலும் பாதிப்பேர் கையில் மடிக்கணினி. கவனம் திரும்பியது மரத்தடியில் கணினி இல்லாமல் இருந்த கூட்டத்துக்கு மட்டும். மரத்துக்குக் கீழே இருந்துகொண்டு திரையைப் பார்த்தவர்களுக்கு மரம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பிள்ளைக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டாவது ஸ்கிரீன் வேஸ்டா?" என்றாள். கணக்குச் செய்கிற நேரத்தில் அதுவும் தள்ளி வைக்கவேண்டிய இன்னொரு சாமான்தான் என்றேன். அரை மணித்தியாலம் படி, பிறகு போனை மேசையில் விட்டுவிட்டு முற்றத்தில் போய் நில், அப்பிள் மரத்தைப் பார், பார்க்காமலும் விடு. "அம்மா வெளிய நிண்டா உடன உடுப்புக் காயப்போடச் சொல்லுவா சித்தி." அதற்கு என்னிடம் ஆராய்ச்சி இல்லை.

இனி டென்மார்க்.

கோப்பன்ஹேகனுக்கு வடக்கே ஹோர்ஷோல்மில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மரத்தோட்டம் ஒன்று 1936 முதல் இருக்கிறது. உலகத்து மரமெல்லாம் கொண்டுவந்து நட்ட இடம். அதற்குள் ஒரு சின்னத் தோட்டத்தை நிலக்காட்சி வடிவமைப்புப் பேராசிரியர் உல்ரிக்கா ஸ்டிக்ஸ்டொட்டரும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள். பெயர் நகாடியா. அங்கே வருபவர்கள் ஸ்ட்ரெஸ் என்று டொக்டர் எழுதிக்கொடுத்து வேலையில் இருந்து நிற்கிறவர்கள். டென்மார்க்கில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆட்களைத் தெரியும். ஒவ்வொரு கந்தோரிலும் ஒருவராவது இருப்பார். அழுவார்கள், நித்திரை வராது என்பதெல்லாம் பிறகு. முதலில் போவது கவனம். எங்கள் கந்தோரில் இருந்த ஒருவர் கடையில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் பால் பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

நகாடியாவில் அவர்களுக்குக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணாடி வீடு ஒன்று, நெருப்பு மூட்டுகிற இடம், தண்ணீர், நிறைய மரம். சிகிச்சையாளரும் தோட்டக்காரரும் கூடவே இருப்பார்கள். விறகு கொத்தலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், ஒன்றும் செய்யாமல் மரத்தில் கட்டிய தொட்டிலில் படுத்துக் கிடக்கலாம். முதல் நாட்களில் ஒருவரும் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மனம் உடைந்து வருபவருக்கு மற்ற மனிதர்களின் முகமே பாரம், செடிகொடிக்கு முகம் இல்லை என்ற யோசனை இதற்குப் பின்னால் இருக்கிறது.

இது வேலை செய்கிறதா என்று அவர்களே பரிசோதித்து 2018இல் பிரித்தானிய மனநல மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 84 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பத்துக் கிழமை நகாடியா, மற்றப் பகுதிக்குப் பத்துக் கிழமை அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. பிந்தியது உலகம் முழுக்க மதிப்பு உள்ள, அறைக்குள் இருந்து கதைக்கிற சிகிச்சை. முடிவு? இரண்டு பகுதியும் தேறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் தேறியே இருந்தது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை.

இதைத் தோட்டத்தின் தோல்வி என்று சொன்னவர்களும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பல ஆண்டுகளாகச் செதுக்கிய ஒரு சிகிச்சைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம் தலை குனியாமல் நிற்கிறது என்றால் அது சின்னச் செய்தி இல்லை. ஆனால் இங்கே யார் மரத்தை வெறுமனே பார்த்தார்கள்? கூட ஆள் இருந்தது, நேரம் இருந்தது, வேலைக்கு வா என்று கூப்பிடாத ஒரு நாடு இருந்தது. காட்சி மட்டும் சுகப்படுத்தியது என்று இதை வைத்து எழுதுகிற கட்டுரைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே மரத்தோட்டத்துக்குள் ஒக்டோவியா என்று இன்னொரு பகுதி உண்டு. எட்டு வெளிகளாகப் பிரித்த காடு. ஓரிடம் அமைதிக்கு, ஓரிடம் ஒதுங்க, ஓரிடம் தூரம் பார்க்க, ஓரிடம் ஆட்கள் கூட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். 2017இல் வெளியான ஆய்வொன்றில் 51 மாணவியரை இந்தக் காட்டுக்கும், ஒரு பழைய நகரத்தின் மையத் தெருக்களுக்கும் மாறி மாறிக் கூட்டிப்போய், இருந்து பார்க்கவும் நடக்கவும் விட்டார்கள். மனநிலையில் காடு தெளிவாக முன்னால் நின்றது. உடம்பு அளவீடுகளில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. நகரம் ஒன்றும் அவ்வளவு கெட்டதில்லை என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அந்த முடிவு ஆச்சரியமாக இல்லை. ரீபவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். கல் பாவிய ஒழுங்கைகள், சாய்ந்து நிற்கிற வீடுகள், வாசலில் ஏறியிருக்கும் ரோசாச் செடி, நடுவில் பேராலயம். அங்கே நடந்தாலும் தலை இலேசாகத்தான் ஆகும். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் 'நகரம்' என்று காட்டுவது நாற்சந்தியையும் வாகன நெரிசலையும். அதற்குப் பக்கத்தில் எந்தத் தென்னந்தோப்பும் சொர்க்கமாகத்தான் தெரியும். அழகான தெருவுக்குப் பக்கத்தில் அலங்கோலமான பற்றைக்காட்டை வைத்துப் பார்க்கட்டும், அப்போது கதைப்போம்.

இயற்கை என்ற சொல்லை டென்மார்க்கில் இருந்து சொல்லும்போது எனக்கு இன்னொரு சிரிப்பும் வரும். 1800 அளவில் இந்த நாட்டில் காடு என்று மிஞ்சியிருந்தது சில சதவீதம் மட்டும். மிச்சமெல்லாம் வெட்டி முடித்துவிட்டார்கள். 1805இல் சட்டம் போட்டு மிஞ்சியதைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு 15 சதவீதம் அளவில் இருக்கிறது என்றால் அநேகமாக எல்லாம் நட்டது. நாங்கள் இருக்கிற மத்திய யூலண்ட் பக்கம் ஒரு காலத்தில் காற்றடிக்கிற வெறும் பற்றைத் தரை. 1864இல் ஜேர்மன்காரரிடம் தெற்கைத் தோற்ற பிறகு, வெளியே இழந்ததை உள்ளே மீட்போம் என்று என்ரிக்கோ டால்காஸ் என்ற பொறியியலாளரும் சிலரும் 1866இல் ஒரு சங்கம் தொடங்கி, ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டுத் தள்ளினார்கள். 80களில் அகதியாக வந்த எங்கள் தமிழ் ஆட்களை ஹேர்னிங், கிரின்ஸ்டெட், வைலே என்று சின்ன ஊர்களில் கொண்டுவந்து விட்டபோது யன்னலுக்கு வெளியே தெரிந்தது அந்த வரிசைதான். "சவுக்குத் தோப்பு மாதிரி இருக்கு, ஆனா பேய்க் குளிர்" என்று அப்போது வந்த ஒரு மாமா சொல்லுவார். பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் இப்போது அதே வரிசைகளுக்கு நடுவால்தான் கார் ஓட்டுகிறார்கள். கண்ணுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. நட்டதா முளைத்ததா என்று பார்த்துக் கவனம் ஆறுவதில்லை.

தூரம் ஒரு காரணம் என்பதும் இங்கேதான் நன்றாகத் தெரிந்தது. 2005ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் 11,238 பேரின் பதில்களை வைத்து ஸ்டிக்ஸ்டொட்டர் குழு 2010இல் எழுதியது: பச்சை வெளியில் இருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு, 300 மீற்றருக்குள் இருப்பவர்களைவிட ஸ்ட்ரெஸ் இருக்கிற வாய்ப்பு விகிதம் 1.42 மடங்கு. பிறகு 2019இல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தீனே எங்கெமான் குழு இன்னும் பெரிதாகச் செய்தது. 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஒவ்வொருவரும் சின்ன வயதில் எந்த முகவரியில் இருந்தார்கள் என்பது தனிநபர் இலக்கப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வீட்டைச் சுற்றி எவ்வளவு பச்சை என்பது செய்மதிப் படத்தில் இருக்கிறது. இரண்டையும் பொருத்தினார்கள். மிகக் குறைந்த பச்சைக்குள் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநோய் வருகிற ஆபத்து, நோயைப் பொறுத்து, 55 சதவீதம் வரை கூட. குடும்ப வருமானம், பெற்றோரின் நோய் வரலாறு, நகரமா கிராமமா என்பவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு நின்றது. தொடர்புதான், காரணம் என்று நிரூபித்ததில்லை. பச்சைக்கு நடுவில் இருப்பவனுக்குச் சத்தம் குறைவு, ஓடி விளையாட இடம் கூட, அயலவனைத் தெரியும். எதனால் என்று பிரித்தெடுப்பது கஷ்டம். என்றாலும் பச்சை கிட்ட இருந்தால் அதைப் பார்ப்பதற்கு ஒருவரும் முடிவெடுக்கத் தேவையில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. களைத்த ஆளிடம் இல்லாத ஒரே சாமான் அந்த முடிவெடுக்கிற சக்திதான்.

இதைக் கட்டடத்திலேயே செய்து வைத்த இடம் ஒன்று ஹும்லெபெக்கில் இருக்கிறது: லூசியானா நவீன கலைக்கூடம், 1958இல் குனுத் யென்சன் தொடங்கியது. (பெயர் அமெரிக்க மாநிலத்தால் வந்ததில்லை. அந்த வீட்டைக் கட்டியவருக்கு அடுத்தடுத்து மூன்று மனைவியர், மூன்று பேரும் லூயிஸ்.) கலைக்கூடத்தில் காலைவிட மூளை களைக்கும் என்று யாருக்குத் தெரியாது! பொஸ்டன் கலைக்கூடத்தின் பெஞ்சமின் கில்மன் 1916இலேயே கலைக்கூடக் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். லூசியானாவின் கட்டடக்கலைஞர்கள் யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலர்ட் இருவரும் மண்டபங்களைக் கண்ணாடி நடைபாதைகளால் தொடுத்தார்கள். நாலு படம் பார்த்தால் ஒரு மரம். ஜாக்கோமெத்தியின் மெலிந்த மனிதச் சிலைகள் நிற்கிற அறைக்குள் போனால், சிலைக்குப் பின்னால் சுவருக்குப் பதில் தரையில் இருந்து கூரை வரை யன்னல், அதற்கு அப்பால் குளம், தண்ணீரில் தொங்குகிற கொப்புகள். சிலையைப் பார்க்கிறோமா குளத்தைப் பார்க்கிறோமா என்று தெரியாமல் ஆட்கள் அந்த அறையில் நெடுநேரம் நிற்பார்கள். பக்கத்து அறைகளில் அப்படி நிற்பதில்லை. போனால் ஆட்களைக் கவனியுங்கள்.

எங்கள் கந்தோர் லூசியானா இல்லை. டென்மார்க்கின் கட்டட விதிப்படி வேலை செய்கிற அறைக்கு வெளியே பார்க்கக்கூடிய யன்னல் வேண்டும். விதியைக் காப்பாற்றியிருக்கிறார்கள், எனக்கு யன்னல் உண்டு. அதனூடாகத் தெரிவது லொறி பின்பக்கமாக வந்து சாமான் இறக்குகிற மேடை. ஆக நல்ல காட்சி என்றால் வானம், நடுவில் நிலக்காட்சி, கீழே தரை மூன்றும் தெரியவேண்டும் என்று 2018இல் வந்த ஐரோப்பிய நியமம் சொல்கிறது. எனக்கு ஒரு கீற்று வானமும் நிறைய லொறியும். டிசம்பரில் அதுவும் இல்லை. காலை ஒன்பதுக்குக் கிட்டத்தான் விடியும், பின்னேரம் நாலுக்கு முன் இருட்டு. யன்னலில் தெரிவது என் முகமும் எக்செலும்.

மருத்துவமனை யன்னல் கதை ஒன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது. ரொஜர் உல்ரிக் 1984இல் எழுதியது. பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரில் மரம் தெரிந்த அறையில் படுத்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்த அறையில் படுத்தவர்களைவிடக் கெதியாக வீட்டுக்குப் போனார்கள், சராசரி 7.96 நாளும் 8.70 நாளும். அதைச் சொல்பவர்கள் ஒரு சின்ன விவரத்தை விட்டுவிடுவார்கள். மே முதலாம் திகதிக்கும் ஒக்டோபர் 20க்கும் இடையில் இருந்த நோயாளிகளை மட்டும்தான் அவர் எடுத்தார். மற்ற மாதங்களில் அந்த மரங்களில் இலை இல்லை. மிச்ச ஆறு மாதத்துக்கு உல்ரிக்கிடம் பதில் இல்லை. பெர்மனின் யனவரி நடையில்தான் இருக்கிறது.

ஆகவே நடக்கிறோம். கந்தோருக்குப் பின்னால், மழைத்தண்ணீர் கானில் நிரம்பி வழியாமல் இருக்க நகரசபை வெட்டிய குட்டை ஒன்று உண்டு. இந்த நாட்டில் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில் இப்படி நிறையப் பார்க்கலாம். சுற்றிக் கம்பிவேலி, தண்ணீர் வந்து விழுகிற கொங்கிறீட் குழாய், அதன் வாயில் துருப்பிடித்த கம்பித்தடுப்பு, தடுப்பில் எப்போதும் ஒரு கோப்பி மூடி சிக்கியிருக்கும். ஒருவரும் நடாமலே நாணல் வந்துவிட்டது. நாணலுக்குள் நாமக்கோழிகள், கரிக்கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமும், எந்த நேரமும் ஒன்றோடொன்று சண்டை. பனி உறைந்த நாளில் நடுவில் ஒரு தண்ணீர்த் துண்டை உறையவிடாமல் நீந்திக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் பகுதியில் நாலைந்து பேர் அந்தக் குட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி வருவோம். டெனிஷ்காரர் நடக்கும்போது அதிகம் கதைக்கமாட்டார்கள், அது வசதி. திரும்பி வந்தால் இரண்டு மணி வியாதி கொஞ்சம் பிந்தி வருகிறது. இது ஆராய்ச்சி இல்லை, என் அபிப்பிராயம்.

போனை மேசையில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று ஒரு ஒழுங்கும் வைத்தோம். களஞ்சியப் பகுதியில் வேலை செய்கிற எங்கடை தமிழ்ப் பெடியன் ஒருவனையும் கூப்பிட்டேன். இலினோய் ஆராய்ச்சி முழுக்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"குட்டைக்கு வாறன் அக்கா. நாமக்கோழியையும் பாக்கிறன். ஆனா போன் இல்லாம ஏலாது. சென்னை மட்ச் பாக்கிறது அந்த நேரத்திலதான்."

ஐபிஎல் முடிந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.